மறுக்க வந்தவர்கள்

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு மனித விருப்பத்தின் வரலாறு திருப்பூரில் ஒரு படி மேலே ஏறியது.

மங்கலம் சாலையில் உள்ள ஒரு பனியன் கம்பெனியில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே மணிச் சத்தத்துக்கு வலது கையைத் தூக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர ஒவ்வொருவரும் தனித்தனியாக, சுதந்திரமாக, யாருடைய தூண்டுதலும் இன்றி விரும்புகிறார்கள் என்பது அதன் பொருள். இரண்டாவது மணிக்குக் கையை இறக்கினார்கள். மொத்தம் பதினோரு வினாடி. ஞானிகள் காடு மேடெல்லாம் அலைந்து தேடிய 'சுயவிருப்பம்' என்ற பொருளைப் பதினோரு வினாடியில் வெளியே எடுத்துக் காட்டியவர் செந்தில்வேல்.

செந்தில்வேல் அந்தக் கம்பெனியின் மனிதவள அதிகாரி. வயது முப்பத்தொன்று. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை. வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். வந்த இரண்டு ஆண்டுகளில் அவர் படித்த கடிதங்களில் பெரும்பாலானவை காலர் அகலத்தைப் பற்றியவை. இலக்கியம் வீணாகிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்தது. ஜூலை மாதம் வந்த கடிதம் அந்தக் குறையைத் தீர்த்தது.

அதற்கு முன்பும் ஞாயிற்றுக்கிழமை வேலை இருந்தது. ஆனால் அதற்கு ஒரு சொல் இருக்கவில்லை. சனிக்கிழமை மாலை சூப்பர்வைசர் தையல் மெஷின் லைன் ஓரமாக நடந்துகொண்டே "நாளைக்கு இருக்குது" என்பார். மறுநாள் வருவார்கள். மழை இருக்குது, கரண்ட் இருக்குது என்பதைப் போல அதுவும் ஒரு தகவல். யாரும் அதை விரும்பவில்லை, வெறுக்கவும் இல்லை. அப்படி ஒரு இருட்டில் கம்பெனி பத்தொன்பது ஆண்டுகள் கிடந்தது.

கடிதம் ஐரோப்பாவிலிருந்து பனியன் வாங்கும் பையரிடமிருந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை 'வாலண்டரி' ஆக இருக்க வேண்டும், 'கம்பல்சரி' ஆக இருக்கக் கூடாது, ஆதாரம் வேண்டும், ஆடிட்டர் வருவார் என்று எழுதியிருந்தார்கள். முதலாளி தங்கதுரை அதை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் யாரிடமும் 'ங்க' போடாமல் பேசியதில்லை. ஆளை நிறுத்தும்போதுகூட "நாளையிலிருந்து வராதீங்க கண்ணு" என்றுதான் சொல்வார்.

"இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல எவ்வளவு தூரமுங்க தம்பி?" என்று கேட்டார்.

"நேர் எதிருங்க சார். ஒண்ணு இருக்கற எடத்துல இன்னொண்ணு இருக்காது."

"அப்ப ரெண்டையும் நம்மாளுங்களுக்குச் சொல்லிக் குடுத்துருங்க. ஒருத்தர் உடாம வரோணும்."

இவ்வாறாக, 'வாலண்டரி' என்றால் என்ன என்பதை விளக்கும் வகுப்பு கம்பல்சரி ஆக்கப்பட்டது. வராதவர்களுக்கு அரை நாள் விடுப்பு எழுதப்படும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

வகுப்பு கேன்டீனில் நடந்தது. செந்தில்வேல் வெள்ளைப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு போட்டார். இடது பக்கம் கம்பல்சரி, வலது பக்கம் வாலண்டரி. வேறு வழியில்லாமல் செய்வது இடது. செய்யாமலும் இருக்கலாம் என்று தெரிந்தும் செய்வது வலது. இதைச் சொல்லி முடித்தபோது அவருடைய குரல் சற்றுத் தழுதழுத்தது. பிறகு உதாரணங்கள் கேட்டார்.

மூச்சு விடுவது இடது பக்கம் போயிற்று. தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓடுவதும் இடது. வலது பக்கம் காலியாகவே இருந்தது. பிசிறு வெட்டும் பகுதியில் இருக்கும் செல்லாத்தாள் எழுந்தார். அங்கே எழுந்து நின்று பேசிப் பழக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

"மொய் எந்தப் பக்கமுங்க சார்?"

"அது நாமளா விரும்பி வெக்கறதுங்க அக்கா. வலது பக்கம்."

"வெக்காம வந்து பாருங்க சாமி. அப்பறம் எந்தப் பக்கம்னு அவங்க சொல்லுவாங்க."

கேன்டீன் முழுக்க இதை யோசித்தது. செந்தில்வேலும் யோசித்தார். கடைசியில் மொய்யைச் சிவப்புக் கோட்டின் மேலேயே எழுதினார். அதன் பின் வந்த உதாரணங்கள் எல்லாம் கோட்டைத் தேடியே வந்தன. கோயில் வரி, நாத்தனார் ஊட்டு விசேஷம், ஒரு டைலர் பிறந்தநாளுக்கு மற்ற டைலர்கள் போடும் கேக் காசு. வகுப்பு முடிவதற்குள் கோடே தெரியவில்லை. வலது பக்கத்தில் 'இரண்டாவது டீ' என்ற ஒன்று மட்டும் தனியாக நின்றது.

அப்போதுதான் ஜெயசுதா எழுந்தார். துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டைலர். டோக்கன் நம்பர் நூற்றெண்பத்தேழு. பதினான்கு ஆண்டுகளாக அதே மெஷின். அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"விருப்பமில்லீன்னா என்னங்க சார் பண்றது?"

"விருப்பமில்லீன்னா வர வேண்டியதில்லீங்க அக்கா. அதுக்குப் பேருதான் வாலண்டரி."

"அப்ப மாசத்துல முத ஞாயிறு எனக்கு வேண்டாமுங்க."

காரணமும் சொன்னார். அவருடைய மகள் இந்துமதி மடத்துக்குளத்தில் விடுதியில் தங்கி ஒன்பதாவது படிக்கிறாள். ஜூன் மாதம்தான் சேர்த்தது. மாதத்தின் முதல் ஞாயிறு பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை பெற்றவர்கள் பார்க்கலாம். ஜூன் முதல் ஞாயிறு வேலை இருந்தது. ஜூலை முதல் ஞாயிறும் இருந்தது. ஜெயசுதாவை விட்டால் போய்ப் பார்க்க வேறு ஆளில்லை.

செந்தில்வேல் நெகிழ்ந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்காவது அந்தச் சொல் புரிந்துவிட்டது. வகுப்புகளில் ஆசிரியர்கள் எதிர்பார்த்து ஏமாறுகிற கணம் அது. அவர் ஆர்வத்தோடு ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார்த்தார். 'ஞாயிற்றுக்கிழமை பணிபுரிய முழு மனதுடன் விரும்புகிறேன்' என்று இருந்தது. பக்கத்தில் டிக் அடிக்க ஒரு கட்டம் இருந்தது. இன்னொரு கட்டம் இல்லை.

"பிரிண்டுக்குப் போயி வந்துருச்சுங்க அக்கா" என்றார் வருத்தத்தோடு. "அடுத்த தடவை அடிக்கறப்ப ரெண்டு கட்டம் வெச்சர்றனுங்க. இப்போதைக்கு இதுல விரும்பிருங்க."

ஜெயசுதா விரும்பினார். வெள்ளிக்கிழமை மணியடித்தபோது கையும் தூக்கினார். நானூற்றுப் பன்னிரண்டும் சரியாக வந்தது.

படிவங்கள் பையருக்குப் போயின. பத்து நாளில் பதில் வந்தது. அலுவலகத்தில் தேங்காய் பன் வாங்கி வைத்துவிட்டுத்தான் பிரித்தார்கள். கடிதம் குளிர்ச்சியாக இருந்தது. விருப்பத்தின் அளவு நூறு சதவீதம் என்று காட்டப்பட்டிருக்கிறது, இது இயற்கையில் காணப்படுவதில்லை, மறுப்பதற்கான உரிமை இருக்கிறது என்பதற்கு மறுத்தவர்களே ஆதாரம், அப்படி யாரும் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்கள். ஆகஸ்ட் முதல் ஞாயிறு ஆடிட்டர் நேரில் வருவார் என்றும் இருந்தது.

தங்கதுரைக்கு மனம் உடைந்துவிட்டது. பத்தாவதில் நூறு வாங்கினால் பேப்பரில் படம் போடுகிறார்கள், பனியன் கம்பெனி நூறு வாங்கினால் சந்தேகப்படுகிறார்கள், இது என்ன நியாயம் என்று வெகு நேரம் பேசினார். பிறகு பன்னைப் பிட்டபடி காரியத்துக்கு வந்தார்.

"எத்தனை பேரு மறுத்தா நம்புவாங்கங்க தம்பி?"

செந்தில்வேல் கணக்குப் போட்டார். ஐந்து சதவீதம் கௌரவமாக இருக்கும் என்று பட்டது. ஆள் கணக்கில் இருபது பேர். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அதே இருபது பேர் மறுத்தால் அவர்கள் மேல் கம்பெனிக்கு வருத்தம் என்று ஆகிவிடும். எல்லோருக்கும் சம வாய்ப்பு வேண்டும். சுழற்சி முறை ஒன்றுதான் அதற்கு வழி. அன்று மாலைக்குள் பட்டியல் தயாரானது. 'ஞாயிறு விருப்பமின்மைச் சுழற்சிப் பட்டியல்' என்று அதற்குப் பெயரிட்டார். டோக்கன் நம்பர் வரிசைப்படி, வாரத்துக்கு இருபது பேர். பட்டியலில் பெயர் வந்த ஞாயிறு அந்த நபர் தன் சொந்த விருப்பத்தின் பேரில் மறுக்க வேண்டும். மற்ற ஞாயிறுகளில் தன் சொந்த விருப்பத்தின் பேரில் வர வேண்டும். எந்த வாரம் எது தன் சொந்த விருப்பம் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் ஒட்டிய அன்றே எதிர்ப்பு வந்தது. முதல் இருபதில் செல்லாத்தாள் இருந்தார். அவருக்கு மறுக்க இஷ்டமில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் இரட்டைச் சம்பளம், வீட்டில் இருந்தால் மருமகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும், நான் வருவேன் என்றார்.

"வர முடியாதுங்க அக்கா. அன்னைக்கு நீங்க மறுக்கறீங்க."

"நான் எங்கீங்க மறுத்தேன்?"

"பட்டியல்ல மறுத்துருக்கறீங்க."

"அத நீங்களே மறுத்துக்கோங்க சாமி. நான் வேலைக்கு வாரன்."

மறுக்க மறுப்பது ஒழுங்குமீறல் என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மெமோ தயாராகிறது என்று தெரிந்ததும் செல்லாத்தாள் தம் விருப்பப்படி மறுத்துக் கைநாட்டு வைத்தார். அவருக்கு எழுதத் தெரியும். கோபத்தில் வைத்தது.

ஜெயசுதாவுக்கு வரிசைப்படி மறுப்பு வருவது அக்டோபரில். இங்கேதான் செந்தில்வேலின் பெருந்தன்மையைச் சொல்லியாக வேண்டும். அவர் தன் சொந்த அதிகாரத்தில், முதலாளியிடம்கூடக் கேட்காமல், முதல் இருபதில் ஒருவரை எடுத்துவிட்டு ஜெயசுதாவை ஆகஸ்ட் முதல் ஞாயிறில் போட்டார். கூப்பிட்டுச் சொன்னார். ஜெயசுதா கையிலிருந்த துணித்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க சார்" என்றார். அன்று இரவு முறுக்கு சுட்டார் என்று பின்னால் தெரிந்தது. இந்துமதிக்கு எள் போட்ட முறுக்கு பிடிக்கும். ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய.

எல்லாம் கூடி வந்த நேரத்தில் டைம் ஆபீஸிலிருந்து சென்னிமலை என்பவர் வந்தார். வருகைப் பதிவு மெஷினைப் பார்த்துக்கொள்பவர். ஓய்வுபெற இரண்டு ஆண்டு பாக்கி. சாப்ட்வேரில் ஒரு சிக்கல் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் விரல் வைக்கவில்லை என்றால் 'ஆப்சென்ட்' என்று விழும். மறுத்தவரும் ஆப்சென்ட், காய்ச்சலில் கிடப்பவரும் ஆப்சென்ட், சும்மா தூங்குபவரும் ஆப்சென்ட். ஆடிட்டர் கேட்டால் இதில் மறுத்தவர் யார் என்று மெஷின் சொல்லாது.

"பட்டியல் இருக்குதுங்களே" என்றார் செந்தில்வேல்.

"பட்டியல் நம்ம எழுதுனதுங்க சார். ஆடிட்டரு மெஷினைத்தான் நம்புவாங்க. வராதவங்க வரலைன்னு எப்படீங்க தெரியும்? வந்து சொன்னாத்தான தெரியும்?"

 சொன்னதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டுக்கொண்டிருந்த தங்கதுரை சென்னிமலையைப் புதிதாகப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது. மறுப்பவர்கள் ஞாயிறு காலை எட்டரைக்குள் வந்து, தாங்கள் வரவில்லை என்பதற்கு விரல் வைக்க வேண்டும். மெஷினில் அதற்கென்று தனியாக ஒரு பொத்தானும் ஏற்பாடு செய்தார்கள். உள்ளே வந்ததாகப் பதிவானவர் வெளியே போனதாகவும் பதிவாக வேண்டும். இடையில் போய்விட்டால், நடுவில் இருந்த நேரம் வேலை செய்தாரா இல்லையா என்று யார் உறுதி சொல்வது? ஆகவே மாலை ஐந்தரைக்கு மறுபடி விரல். இடைப்பட்ட ஒன்பது மணி நேரமும் அவர்கள் வேலை செய்யவில்லை என்பதைக் கம்பெனி தன் கண்ணால் பார்த்துக்கொள்ளும். பழைய அட்டைப்பெட்டிக் கிடங்கைக் காலி செய்து, இரண்டு மின்விசிறி மாட்டி, இருபது நாற்காலி போட்டு, வாசலில் 'மறுப்பாளர் அறை' என்று பலகை வைத்தார்கள். கம்பெனி வளாகத்துக்குள் இருப்பதால் தலைத்தொப்பியும் அடையாள அட்டையும் அவசியம். டீ இரண்டு வேளை உண்டு. இரண்டாவது டீ அவரவர் விருப்பம்.

செந்தில்வேல் இந்தச் சுற்றறிக்கையைச் சனிக்கிழமை மாலை எழுதி முடித்துப் படித்துப் பார்த்தார். ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஜெயசுதாவின் ஞாபகம் வந்தது. ஆனால் அறிக்கையில் பெயர்கள் இல்லை, நம்பர்கள்தான் இருந்தன. ஒருவருக்கு விலக்கு கொடுத்தால் பத்தொன்பது பேர் கேட்பார்கள். சமத்துவம் என்று ஒன்று இருக்கிறது.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு காலை எட்டு இருபத்தைந்துக்கு ஜெயசுதா கேட்டுக்கு வந்தார். வெளியூர் போகும் சேலை கட்டியிருந்தார். கையில் ஒயர் கூடை, அதில் டப்பா. ஒன்பது மணிக்கு உடுமலை வழியாக மடத்துக்குளம் போகும் பஸ். காலையில் விரல் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் அவர் காதுக்கு எட்டியிருந்தது. விரலை வைத்துவிட்டுத் திரும்பினார். சென்னிமலை கையை நீட்டி மறித்தார்.

"எங்கீங்க?"

"மடத்துக்குளத்துக்குங்க."

"நீங்க மறுத்தவங்கல்ல? உள்ள வாங்க. அஞ்சரைக்குத்தான் வெளிய."

செந்தில்வேல் அலுவலகத்திலிருந்து இறங்கி வர வேண்டியிருந்தது. பொறுமையாக விளக்கினார். ஜெயசுதா கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"நான்தான் வேலைக்கு வரலீன்னு சொல்லீட்டனுங்களே சார்."

"ஆமாங்க அக்கா. சொல்லீட்டீங்க. சொன்னதுக்குத்தான் இருக்கோணும்."

"இருக்கறதுன்னா வேலையே செஞ்சுருப்பனுங்களே."

"செய்யக் கூடாதுங்க. இன்னைக்கு நீங்க மெஷின் பக்கமே போகக் கூடாது. கம்பெனி அதுல ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

ஜெயசுதா மெஷின் இருக்கும் பக்கம் பார்த்தார், கேட் பக்கம் பார்த்தார். ஒன்பது மணி பஸ் கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் கூடையோடு மறுப்பாளர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். தொப்பி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போட்டுக்கொண்டார்.

அறை அமைதியாக இருந்தது. இருபது பேர், சும்மா இருந்து பழக்கமில்லாத கைகளோடு. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓடும் சத்தம். பத்து மணி வாக்கில் செல்லாத்தாளின் கை தானாகப் பக்கத்தில் இருப்பவரின் சேலை ஓரத்தில் தொங்கிய நூலைப் பிடித்து வெட்டியது. அவர் மடியில் எப்போதும் ஒரு குட்டிக் கத்தரி இருக்கும். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். மறுப்பு நேரத்தில் பணிபுரிந்ததற்காக மெமோ வந்தது. முப்பது ஆண்டு பல கம்பெனி அனுபவத்தில் வேலை செய்ததற்காக வாங்கிய முதல் மெமோ என்று செல்லாத்தாள் அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆடிட்டர் பதினொன்றேகாலுக்கு வந்தார். பெயர் அனுப்பிரியா. கையில் டேப்லட், அதில் அறுபத்து நான்கு கேள்விகள். லைனில் வேலை செய்பவர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டு விசாரித்தார். விருப்பப்பட்டு வந்தீர்களா என்று கேட்டார். விருப்பப்பட்டு வந்தோம் என்றார்கள். ஒருவர் கூடுதலாக, அக்டோபர் இரண்டாவது ஞாயிறு எனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னார். முன்கூட்டியே திட்டமிடும் பண்பு என்று அனுப்பிரியா குறித்துக்கொண்டார்.

பிறகு மறுத்தவர்களின் பதிவைக் கேட்டார். மெஷின் காட்டியது. இருபது பேர், நேரத்தோடு. இப்படி ஒரு ஆதாரத்தை அவர் எந்தக் கம்பெனியிலும் பார்த்ததில்லை. அவர்களில் யாரையாவது போனில் பிடிக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"போன் எதுக்குங்க மேடம்?" என்றார் தங்கதுரை. "உள்ளதான இருக்கறாங்க."

அனுப்பிரியா மறுப்பாளர் அறை வாசலில் நின்று பலகையைப் படித்தார். உள்ளே தொப்பி போட்ட இருபது பேர் எழுந்து நின்றார்கள். அவர் பார்வை கூடையோடு இருந்த பெண்ணின் மேல் விழுந்தது.  நானூற்றுப் பன்னிரண்டு பேர் தைக்கும் ஆர்டர் முழுவதும் அந்தக் கூடைக்காரர் சொல்லப்போகும் பதிலில் இருந்தது.

"இன்னைக்கு உங்களை வேலை செய்யச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

"இல்லீங்க" என்றார் ஜெயசுதா.

"வேலைக்கு மறுத்ததால யாராவது மிரட்டினாங்களா? திட்டினாங்களா?"

"இல்லீங்க. டீ குடுத்தாங்க."

அனுப்பிரியா இரண்டு டிக் அடித்தார். ஜெயசுதா அவருடைய விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சொல்லிவிட்டார்.

"நான் புள்ளையப் பாக்கப் போகோணுமுங்க மேடம். உட மாட்டேங்கறாங்க."

 தங்கதுரை சட்டைப் பையில் இருந்த பேனாவைச் சரிசெய்தார். அனுப்பிரியா டேப்லட்டில் விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினார். நேர்மையாகவே தேடினார், அறுபத்து நான்கு கேள்வியையும்.

"கட்டாயப்படுத்தி வேலை வாங்கறது இருக்கு" என்றார். "கட்டாயப்படுத்தி வேலை வாங்காம இருக்கறது எங்க லிஸ்ட்ல இல்லீங்க. நீங்க லீவு கேட்டு எழுதிக் குடுத்தீங்களா?"

"இன்னைக்கு லீவுதானுங்களே."

"அப்ப இங்க ஏன் இருக்கீங்க?"

இதற்கு ஜெயசுதா பதில் யோசிப்பதற்குள் தங்கதுரை முன்னால் வந்தார்.

"அது அவங்க உரிமைங்க மேடம். வேலை இல்லாத நாள்லயும் இங்க வந்து உக்காந்துருக்கோணும்னு நெனைக்கறாங்க. கம்பெனின்னா அவங்களுக்கு ஊடு மாதிரி. நாங்க வேண்டாம்னு சொல்றதில்லீங்க."

அனுப்பிரியாவுக்கு மூன்று மணிக்குப் பல்லடத்தில் இன்னொரு ஆடிட் இருந்தது. அறிக்கையை அங்கேயே நின்று முடித்தார். செந்தில்வேல் அதைத் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். 'மறுப்பு உரிமை முழுமையாகப் பேணப்படுகிறது. மறுத்த தொழிலாளர்களுக்கெனத் தனி அறை ஒதுக்கப்பட்டுள்ளது. வேலை இல்லாத நாளிலும் தொழிலாளர்கள் வீட்டுக்குச் செல்லாமல் தங்கியிருக்கும் அளவுக்கு நல்லுறவு நிலவுகிறது. பிற நிறுவனங்களுக்கு முன்மாதிரியாகப் பரிந்துரைக்கப்படுகிறது.' மதிப்பெண் தொண்ணூற்று ஐந்து. நூறு இல்லை. தங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது மணி பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணிக்கு மடத்துக்குளத்தில் பார்வையாளர் நேரம் முடிகிறது. செந்தில்வேலுக்கு அது ஞாபகம் இருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கேக் ஆர்டர் கொடுக்கப் போனார், அதுவும் அவசரமான வேலைதான்.

நான்கு மணிக்கு கேக் வெட்டினார்கள். தங்கதுரை மைக்கில் பேசினார். இரண்டு ஆங்கிலச் சொற்களை நம் மக்களின் மனதில் பதியவைத்த செந்தில்வேல் தம்பியைக் கம்பெனி மறக்காது என்றார். கைதட்டினார்கள். மறுப்பாளர் அறைக்கும் ஒரு தட்டு போயிற்று. இருபது துண்டு. கேக் விருப்பத்துக்கு உட்பட்டது என்று கொண்டுபோனவர் சொன்னாராம். தட்டு திரும்பி வந்தபோது பத்தொன்பது போயிருந்தது.

ஐந்தரைக்கு மறுத்தவர்கள் வரிசையாக விரல் வைத்து, தாங்கள் வராத இடத்திலிருந்து கிளம்பினார்கள். செந்தில்வேல் கேட்டருகே நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். அவர் அப்படி நிற்க வேண்டியதில்லை. அவராக விரும்பி நின்றார். கடைசியாக ஜெயசுதா வந்தார். தொப்பியைக் கழற்றி மடித்துக் கூடையில் வைத்திருந்தார். டப்பா கனமாகவே இருந்தது.

"அடுத்த மாசமும் உங்கள முத ஞாயித்துல போட்டர்றனுங்க அக்கா" என்றார் செந்தில்வேல். "காலைல சீக்கரமா வந்துட்டீங்கன்னா முன்னாடி எடத்துல, பேன் கீழயே உக்காந்துக்கலாம்."

ஜெயசுதா தலையாட்டினார். போகவில்லை. இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார், மறுபடி செருகிக்கொண்டார்.

"புள்ள வார்டன் போன்ல இருந்து கூப்புட்டுதுங்க சார். மூணு மாசமா நீயா வரலியா, உன்னைய உடலியான்னு கேக்குது. மறுபடி ஆறு மணிக்குக் கூப்புடுது. ரெண்டு வார்த்தையும் நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. நான் அதுக்கு எதைங்க சார் சொல்றது?"